வயிறும் கருப்பையும்: ஒரு சொல்வழக்கின் வரலாறு

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் கரையோர வீதியில், நிலாவெளிக்கு வடக்கே அமைந்த ஊர் இறக்கக்கண்டி. ஒருபுறம் வங்காள விரிகுடா, மறுபுறம் களப்பு, இரண்டும் கலக்கும் முகத்துவாரத்தின் மேலே பாலம். மீன்பிடியும் பயிர்ச்செய்கையும் கால்நடை வளர்ப்பும் அருகருகே நடைபெறுவதும், தமிழ் பேசும் இந்துக்களும் முஸ்லிம்களும் அயலயலே வாழ்வதுமான குச்சவெளிக் கரையோரத்து ஊர்களுள் இதுவும் ஒன்று. உயிர் தோன்றுதலைக் குறிக்க இத்தகைய ஊர்களிலே பல சொற்கள் வழங்குகின்றன. மீனின் உள்ளே இருப்பது சினை. பசு கொள்வதும் சினை. முட்டைக்குள் இருப்பது கரு. கதிர் வெளிவருமுன் நெற்பயிர் அடையும் நிலையைப் புலவர் சூல் என்பர். உழவர் குடலைப் பருவம் என்பர். பெண்ணைப் பற்றிப் பேச்சு எழும்போதோ இச்சொற்களெல்லாம் பின்வாங்க, 'வயிறு' என்னும் சொல் முன்வருகின்றது. அவள் 'வயிற்றில் பிள்ளையோடு' இருக்கிறாள். அவள் பெற்றவை 'ஒரு வயிற்றுப் பிள்ளைகள்'.

பாடநூல் இதனை ஏற்பதில்லை. உணவு செரிக்கும் உறுப்பு வேறு, கரு வளரும் உறுப்பு வேறு என்றும், பின்னையதன் பெயர் கருப்பை என்றும் அது கற்பிக்கின்றது. அறிவியல் நோக்கில் இது முற்றிலும் சரியே. அவ்வாறாயின் மக்கள் வழக்கிலுள்ள 'வயிறு' அறியாமையின் விளைவா? அன்றி, மறைக்கத்தக்கதை மறைத்துக் கூறும் இடக்கரடக்கலா? இவ்விரு விளக்கங்களும் போதா. 'வயிறு' இரண்டாயிரம் ஆண்டு வழக்குடைய சொல். உறவையும் உரிமையையும் சுமந்து வந்த சொல். 'கருப்பை' பெண்ணின் உடலை அறியவும் காக்கவும் வேண்டப்படுகின்ற சொல். இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாது விலகி நிற்குமிடத்திலேதான் கேடு விளைகின்றது. இதனை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழில் வயிறு

பிறப்பைப் பற்றிய சொல்வளத்திற் பழந்தமிழ் வறுமையுற்றிருந்ததில்லை. தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப் பெயர்கள் ஒன்பதினை வகுத்துக் காட்டுகின்றது. ஒரு நிலத்துக்கே உரிய தெய்வம், உணவு, விலங்கு, பறவை, தொழில் முதலியன 'கருப்பொருள்' எனப்பட்டன. முழுமையின் உறுப்பாய் அமைவது 'சினை' எனப்பட்டது. இலக்கணத்திற் சினைப்பெயர் என்பது இன்றும் நிலைத்துள்ளது. 'சூல்' மகளிர்க்கு மட்டுமன்றி மேகத்துக்கும் உரியதாயிற்று. நீர் நிறைந்த மேகத்தைத் திருமுருகாற்றுப்படை 'கமஞ்சூல்' உடையதாகக் காண்கின்றது. முதன்முறை கருவுறுதலைக் 'கடுஞ்சூல்' எனச் சங்கச் செய்யுள் சுட்டுகின்றது.

இச்சொற்களிடையே ஓர் ஒற்றுமை உண்டு. கரு, சூல், சினை ஆகிய மூன்றும் உள்ளே இருப்பதையோ அது நிறைந்திருக்கும் நிலையையோ குறிக்கின்றன. அது தங்கும் உறுப்பைத் தனியே குறிப்பனவல்ல. தங்கும் இடத்தைச் சுட்டவேண்டிய போது புலவர்கள் தயக்கமின்றி 'வயிறு' என்றே பாடினர். புறநானூற்றின் 86ஆம் செய்யுள் இதற்குத் தலையாய சான்றாகும். மகன் எங்கே என வினவியவளுக்கு, அவன் எங்குளன் என்பதைத் தான் அறியாள் என்றும், புலி தங்கிச் சென்ற கற்குகை போன்றது அவனை ஈன்ற தன் வயிறு என்றும், போர்க்களத்திலேதான் அவன் தோன்றுவான் என்றும் காவற்பெண்டு விடை கூறுகிறாள். இங்கே வயிறு நாணி மறைக்கப்படும் ஒன்றன்று. தாய் தன் பெருமிதத்துக்குச் சான்றாகத் தானே சுட்டிக் காட்டுவது. அதேவேளை, புலி சென்றபின் எஞ்சுவது வெறுங்குகையே என்ற உண்மையும் அவ்வுவமையினுள் அடங்கியிருக்கின்றது. பெருமிதமும் வெறுமையும் ஒருங்கே நிற்பதற்கு அச்சொல் இடமளித்துள்ளது.

பக்தி இலக்கியம் இவ்வழக்கைத் தொடர்ந்தது. குலசேகர ஆழ்வார் தமது பெருமாள் திருமொழியில் இராமனைத் தாலாட்டுமிடத்துக் கோசலையின் வயிற்றை 'மணிவயிறு' எனச் சிறப்பிக்கின்றார். ஆண்டாளின் திருப்பாவை ஐந்தாம் பாசுரத்திலே, கண்ணன் பிறந்ததனால் விளக்கமுற்ற தாயின் கருவிடத்தைக் 'குடல்' என்ற சொல்லே உணர்த்துகின்றது. இன்று ஒரு மாணவி வினாத்தாளில் அவ்வாறு எழுதினால் விடை பிழையாகும். ஆயினும் செய்யுளில் அது பிழையன்று. உடலின் உள்ளே, ஆழத்தில் உள்ள இடம் என்பதே அங்குக் கருதப்பட்ட பொருள்.

பேச்சு வழக்கிலும் இச்சொல்லின் ஆட்சி விரிந்தது. கருவுற்றவள் 'வாயும் வயிறுமாக' இருக்கிறாள். பிள்ளையால் மனம் நொந்தவளின் 'பெற்ற வயிறு பற்றி எரிகின்றது'. வயதுவந்த மகளை வீட்டில் வைத்திருப்பவள் 'வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு' இருக்கிறாள். பிள்ளையை இழந்த தாய் மார்பிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுகிறாள். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி உள்ளிட்ட கிழக்குக் கரையோரத்தைத் தாக்கியபோது, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் துயரத்தை உரைப்பதற்குத் தமிழிலே தயாராயிருந்த சொல்லும் இதுவே. பெற்ற வயிறு என்பதற்குப் பதிலாகப் பெற்ற கருப்பை என்று எவரும் புலம்புவதில்லை. துயரம் உறுப்பின் பெயரை நாடுவதில்லை.

பசியைக் குறிக்கும் சொல்லும் இதுவேயாதல் நோக்கற்பாலது. வயிற்றுப்பாடு, வயிற்றுப்பிழைப்பு, அரைவயிறு, கால்வயிறு என்பன வறுமையின் சொற்கள். தான் அரைவயிறு உண்டு பிள்ளைக்கு ஊட்டும் தாயினிடத்து இவ்விரு பொருள்களும் ஒன்றாகின்றன. உணவும் மகவும் ஒரே இடத்தைச் சார்ந்தனவாக மொழி கருதியமை உடற்கூற்றுப் பிழையாயிருக்கலாம். வாழ்க்கை பற்றிய பிழையன்று.

உரிமையைக் குறித்த சொல்

'வயிறு' உணர்ச்சிக்குரிய சொல்லாக மட்டும் நின்றிருந்தால் அதனை இலக்கிய ஆராய்ச்சியோடு விட்டுவிடலாம். கிழக்கிலங்கையிலோ அது சமூக அமைப்பின் சொல்லாகவும் விளங்கியது. திருகோணமலைக்குத் தெற்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் தாய்வழிக் குடிமுறை நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஒருவர் தம் தந்தையின் குடியை அன்றித் தாயின் குடியையே சார்வர். ஒரே குடிக்குள் மணவுறவு கொள்வது தவிர்க்கப்பட்டது. அப்பகுதிக் கோயில்களின் நிருவாகத்திலும் திருவிழா உரிமையிலும் குடிகளுக்குரிய இடம் வரையறுக்கப்பட்டது. தமிழர்க்கு மட்டுமன்றி அப்பகுதி முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடிகள் உண்டென்பதும், பள்ளிவாசல் மரைக்காயர் குடிதோறும் தெரிவு செய்யப்பட்டனர் என்பதும் மானிடவியலாளர் விரிவாக ஆராய்ந்த செய்திகளாகும்.

இக்குடியின் உட்கிளைக்கு வழங்கிய பெயரே 'வயிற்றுவார்'. ஒரு முதல்தாயின் வயிற்றிலிருந்து பெண்வழியே கிளைத்தவர்கள் என்பது அதன் பொருள். தந்தைவழிச் சமூகங்கள் விந்து, வித்து, கொடி முதலிய உருவகங்களால் மரபைச் சுட்டும்போது, இச்சமூகம் தாயின் வயிற்றையே மரபின் தொடக்கமாகக் கொண்டது. ஒருவர் இன்ன வயிற்றுவார் என்பது அவர் யாருடைய பிள்ளை என்பதை மட்டுமன்றி, எந்தக் கோயிலில் அவருக்கு எவ்வுரிமை உண்டு என்பதையும் உணர்த்தியது.

சொத்துரிமையிலும் இதன் தடம் காணப்பட்டது. முக்குவர் வழமைச் சட்டத்தின்படி முதுசொம் பெண்வழியே இறங்கியது. ஆணொருவனின் முதுசொம் அவனுடைய பிள்ளைகளுக்கன்றிச் சகோதரியின் பிள்ளைகளுக்கே சேர்ந்தது. இவ்வழமைகளைக் கிறிஸ்தோபர் பிரிற்றோ தொகுத்து 1876ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டிலே பிரித்தானிய அரசு இயற்றிய 15ஆம் இலக்க விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இவ்வழமையின் சட்டவலுவை இல்லாமற் செய்தது. நூலிற் பதிவு பெற்ற ஆண்டிலேயே வழமை நீதிமன்றத்தில் வலுவிழந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று. எனினும், மகளுக்கு வீட்டையும் வளவையும் சீதனமாகக் கொடுப்பதும், மணமானபின் கணவன் மனைவியின் வீட்டில் வந்து வாழ்வதும் கிழக்கிலே தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் பரவலாகத் தொடர்ந்தன. சட்டம் மாறியபோதும் வயிறு என்னும் சொல் குறித்த ஒழுங்கு வீட்டு வாயிலிலே நிலைத்து நின்றது.

இதனைப் பெண்ணுரிமையின் பொற்காலமாகக் கொள்வது பொருந்தாது. தாய்வழி மரபு வேறு, தாயாட்சி வேறு. சொத்து பெண்வழியே இறங்கினாலும் அதனை ஆண்டவர் பெரும்பாலும் ஆண்களே. ஆயினும் பெண்ணின் வயிறு ஆணின் மரபைச் சுமக்கும் வெறும் கொள்கலனாக அன்றி, மரபின் ஊற்றாகவே கருதப்பட்டது என்பதை மறுத்தற்கில்லை.

பிறமொழிச் சான்றுகள்

வயிற்றால் உறவை அளப்பது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கன்று. இலங்கைத் தமிழர் 'எனக்கு நான்கு சகோதரங்கள்' என இயல்பாகக் கூறும் சொல்லைப் பிரித்தால், உதரம் என்னும் வடசொல் வெளிப்படும். உதரம் வயிறு, ஒரே வயிற்றிற் பிறந்தவர் சகோதரர். 'உடன்வயிற்றோர்' என்னும் பழந்தமிழ்ச் சொல்லும் இப்பொருளதே. கிரேக்க மொழியிற் சகோதரனைக் குறிக்கும் 'அடெல்போஸ்' என்ற சொல்லும், ஒன்று என்னும் பொருளுடைய முன்னொட்டும் கருப்பை எனப் பொருள்படும் 'டெல்பிஸ்' என்பதும் சேர்ந்து பிறந்ததே. ஒன்றோடொன்று தொலைவிலுள்ள மொழிகள் ஒரே வழியிற் சிந்தித்தமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கிழக்கிலங்கைக் கரையோரத்தைப் பொறுத்தவரை அரபுச் சான்று மேலும் நெருக்கமானது. அம்மொழியிற் கருப்பைக்குரிய சொல் 'ரஹிம்'. அருள், இரக்கம் என்னும் பொருளுடைய 'ரஹ்மத்' என்பதும், இறைவனின் திருநாமங்களான 'அர்ரஹ்மான்', 'அர்ரஹீம்' என்பனவும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. அல்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்து முதல் வசனத்திலே கருப்பைகள் என்னும் பொருளுடைய பன்மைச் சொல் இரத்த உறவுகளைக் குறித்து ஆளப்பட்டுள்ளது. உறவினரோடு இணங்கி வாழும் கடமையை முஸ்லிம்கள் 'சிலத்துர் ரஹிம்' என்பர். ஆகவே குச்சவெளிக் கரையிலே ஒரு வீட்டார் 'ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்' என்று கூறும்போதும், அடுத்த வீட்டார் அக்கடமையை அரபுப் பெயரால் நினைவுகூரும்போதும், இருசாராரும் உறவின் தொடக்கத்தை ஒரே இடத்திலேயே காண்கின்றனர்.

ஒலியொப்புமை கொண்டு சொற்பிறப்பு முடிபு கூறுவதில் எச்சரிக்கை வேண்டும் என்பதும் ஈண்டு உரைத்தற்குரியது. இறக்கக்கண்டி என்னும் ஊர்ப்பெயரிலுள்ள வல்லின றகரத்தை மறந்து அதனை இரக்கத்தோடு இணைப்பது அழகான கற்பனையாகலாம், ஆராய்ச்சியாகாது.

கிரேக்க மொழியே எதிர்மறையான சான்றொன்றையும் தருகின்றது. அங்கே கருப்பைக்கு வழங்கிய மற்றொரு சொல் 'இஸ்ரெரா'. பெண்ணின் உடலினுள்ளே கருப்பை அலைந்து திரிந்து நோய் விளைக்கும் என்ற கருத்து பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்களிற் காணப்படுகின்றது. பிளேற்றோவும் தமது திமேயஸ் என்னும் நூலில் அதனைத் தன்விருப்புடைய உயிர் போல வருணித்தார். அச்சொல்லிலிருந்து பிறந்த 'இஸ்ரீரியா' என்னும் நோய்ப்பெயர் பெண்ணின் கோபத்தையும் துயரத்தையும் நோயென முத்திரையிட நூற்றாண்டுகளாகப் பயன்பட்டது. உறுப்பின் பெயர் தனியே பிரிந்து நிற்பதனால் மட்டும் அறிவு தெளிந்துவிடாது என்பதற்கு இது சான்று.

கருப்பை என்னும் சொல்

இனி, பாடநூலின் சொல்லை நோக்கலாம். சங்க இலக்கியத்திலே 'கருப்பை' என்ற சொல் வருமிடத்து அதன் பொருள் கருவின் பையன்று, எலி என்பதே. பெரும்பாணாற்றுப்படையிற் பாணர் காணும் வீடொன்றின் வருணனையிலே அணிலோடு சேர்ந்து வரும் கருப்பை எலியேயாகும். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இவ்விரு சொற்களையும் தனித்தனியே பதிவு செய்துள்ளது. எழுத்தால் ஒன்றாயினும் அவை வெவ்வேறு சொற்கள்.

கருவின் பை என்னும் பொருளுடைய சொல் பிற்காலத் தனிப்பாடல்களில் எதிர்ப்படுகின்றது. கல்லினுள் வாழும் தேரையோடு கருப்பையிலுள்ள உயிரையும் சேர்த்து, இரண்டுக்கும் உணவளிப்பவன் இறைவன் எனக் கூறும் மரபு தமிழில் நன்கு அறியப்பட்டதாகும். அங்கே கருப்பை ஒரு மருத்துவச் சொல்லன்று. மனிதர் கைபடாத மறைவிடத்தின் குறியீடு. கர்ப்பாசயம், கருப்பாசயம், கர்ப்பப்பை எனப் பிற சொற்களும் உடன் வழங்கின. இவற்றுட் கர்ப்பப்பை என்பது வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் இணைந்த கலவை. 'யோனி' என்ற வடசொல்லோ எண்பத்துநான்கு நூறாயிரம் யோனிபேதம் என்ற தொடரிற் பிறப்பின் வகைகள் அனைத்தையும் தழுவி நின்று, பின்னர் உயிரியற் பாடத்தில் உடலின் ஒரு பகுதிக்குரியதாகச் சுருங்கிற்று.

கோயிலின் மூலவர் இருக்குமிடத்தைக் 'கருவறை' என்று கூறுவதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. சோழர் காலக் கல்வெட்டுகளில் அவ்விடம் 'உண்ணாழிகை' எனப்பட்டது. கர்ப்பக்கிருகம் என்னும் வடசொல்லுக்கு நேரான கருவறை என்பதே இன்று பெருவழக்கு. கோயிலைப் பற்றி உரைக்கையில் அச்சொல் தூய்மையின் உச்சத்தைக் குறிக்கின்றது. பெண்ணின் உடலிலுள்ள கருவறையோ மாதந்தோறும் தீட்டுக்குக் காரணமாகக் கருதப்பட்டு, அவளைக் கோயில் வாயிலில் நிறுத்திவிடுகின்றது. ஒரே உருவகம் கல்லுக்கு மேன்மையும் உடலுக்கு விலக்கும் அளித்த முரண்பாட்டைச் சொல்வரலாறு ஒளிக்காது காட்டுகின்றது.

மருத்துவ நூலும் மருத்துவிச்சியும்

உறுப்புக்குத் தனிப்பெயர் வேண்டும் என்ற தேவை தமிழில் மேனாட்டு மருத்துவக் கல்வியோடு வலுப்பெற்றது. இத்துறையில் முன்னோடி அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார். மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே 1822இற் பிறந்த அவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, 1848 முதல் மானிப்பாயில் மருத்துவப் பணியும் கற்பித்தலும் மேற்கொண்டார். 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முற்பட்டார். 'பிரசவ வைத்தியம்' 1857இலும், 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. வட்டார மொழியொன்றிலே மேனாட்டு மருத்துவத்தை முழுமையாகக் கற்பிக்க முடியும் என்று செயலிற் காட்டிய பெருமை அவருக்கு உரியது.

அந்நூல்களின் பெயர்களே அக்காலத்துக் கலைச்சொல்லாக்கப் போக்கை விளக்கப் போதுமானவை. அங்காதிபாதம், சுகரணம் போன்றவை தமிழ் மாணவனுக்கு ஆங்கிலத்தை விட எளிதாயினும், வீட்டிற் கேட்ட சொற்களல்ல. கிறீனிடம் பயின்றவர்கள் ஆண்கள். பிரசவம் பற்றிய நூலை அவர்கள் கற்ற அதே காலத்தில், யாழ்ப்பாணத்து வீடுகளிலும் கிழக்குக் கரையோரக் குடிசைகளிலும் பிள்ளைகளைக் கையேந்திப் பெற்றெடுத்தவர்கள் மருத்துவிச்சிகள். எழுத்தறியாத அம்மூதாட்டிகள் வலியின் வகைகளுக்கும், பிள்ளையின் நிலைக்கும், கொடி விழுதலுக்கும் தமக்கெனச் சொற்கள் வைத்திருந்தனர். ஒருசாராரிடம் அச்சேறிய சொல் இருந்தது, நோயாளி இருக்கவில்லை. மறுசாராரிடம் நோயாளி இருந்தாள். அவர்களுடைய சொற்கள் அச்சேறவில்லை. பெண்கள் ஆண் வைத்தியரிடம் செல்லத் தயங்கிய சூழலில், பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென 1898இல் இணுவிலிலே மக்லியொட் ஆஸ்பத்திரி நிறுவப்பட்டமை இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியேயாகும்.

அரச மட்டத்திலும் மாற்றங்கள் ஏற்பட்டன. கொழும்பில் 1879இல் டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது. 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டபின், பயிற்சி பெற்ற மருத்துவமாதுகள் ஊர்தோறும் அனுப்பப்படலாயினர். அதன் பயன் மிகப் பெரிது. 1940களின் நடுப்பகுதியில் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டிருந்த தாய்மார் இறப்பு, இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் நாற்பதுக்கும் குறைந்தது. ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் இன்று ஆஸ்பத்திரியிலேயே பிறக்கின்றன. பழைய மருத்துவிச்சியின் காலத்தை எண்ணி ஏங்குவோர் இவ்வெண்களை மறத்தலாகாது. அவளுடைய கைகளில் உயிர்கள் பிழைத்தன, இழக்கவும்பட்டன.

மூன்று மொழிகளுக்கிடையே

இலங்கையிற் சுயமொழிக் கல்வி விரிவடைந்தபோது கலைச்சொற்கள் அவசரத் தேவையாயின. அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 1960களிலும் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. சூலகம், சூல்வித்தகம், முளையம், முதிர்மூலவுரு முதலியன இலங்கைத் தமிழ் மாணவருக்குப் பழகின. தமிழகப் பாடநூல்கள் இவற்றுட் சிலவற்றுக்கு வேறு சொற்களை ஆண்டன. கருப்பை என்ற சொல்லோ இருகரைகளிலும் ஏற்கப்பட்டது. குறுகியதும், பொருள் வெளிப்படையானதும், தமிழ் வேர்களால் ஆனதுமாகிய அச்சொல் கருப்பாசயத்தை வென்றமை இயல்பே.

ஆனால் பாடசாலையில் வென்ற சொல் சிகிச்சை நிலையத்தில் முழுமையாக வெல்லவில்லை. இலங்கையில் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. ஆகவே வைத்தியர் கற்றது 'யூற்றரஸ்'. பாடநூல் கற்பித்தது 'கருப்பை'. நோயாளி அறிந்தது 'வயிறு' அல்லது 'அடிவயிறு'. ஒரே உறுப்பை முன்னிட்டு மூன்று மொழிகள் ஓர் அறையிற் சந்திக்கின்றன. அடிவயிறு நோகின்றது என்பவள் குடலின் நோவைக் கூறுகிறாளா, கருப்பையின் நோவைக் கூறுகிறாளா என்பது மேலும் வினவினாலன்றித் தெரியாது. வினவுவோர்க்கு நேரமில்லையாயினும், விடைகூறுவோர்க்கு நாணம் மிகுந்ததாயினும், நோய் பெயரின்றியே வீடு திரும்பிவிடும்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று என்பதற்கு இரண்டு நோய்களைக் கருதலாம். ஒன்று கருப்பை இறக்கம். பல மகப்பேறுகளுக்குப் பின்னரும், இடுப்பின் அடித்தசைகள் தளர்ந்த நிலையிலும் கருப்பை தன் இடத்திலிருந்து கீழிறங்குவதை இது குறிக்கின்றது. பயிற்சியாலும், தாங்குவளையத்தாலும், அறுவைச் சிகிச்சையாலும் தீர்வு காணக்கூடிய இந்நிலையை வாய்விட்டுக் கூற வெட்கி ஆண்டுக்கணக்கிற் சுமப்போர் உளர். மற்றையது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். இது முன்கூட்டியே கண்டறியத்தக்கது. பெருமளவு தடுக்கவும் தக்கது. இலங்கையில் 1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களில் இதற்கான சோதனை இலவசமாகச் செய்யப்படுகின்றது. 2017 முதல் ஆறாந்தரத்து மாணவியருக்குத் தடுப்பூசி வழங்கப்படுகின்றது. இச்சேவைகளை அறிவிக்கும் துண்டுப்பிரசுரத்தில் 'வயிறு' என்று எழுதிவிட முடியாது. வயிற்றுக்குக் கழுத்தில்லை. இங்கே கருப்பை என்ற சொல்லே உயிர்காக்கும் சொல். அதனை வகுப்பறையில் விரைந்து கடந்துவிடும் ஆசிரியர், பாடத்தின் ஒரு பகுதியை மட்டும் தவிர்க்கவில்லை. மாணவி பிற்காலத்திற் பேசவேண்டிய வாக்கியம் ஒன்றையும் அவளுக்குக் கொடுக்காமல் விட்டுவிடுகின்றார்.

மறுபுறம், உறுப்பின் பெயரை மட்டும் கொண்டு பெண்ணை நோக்குவதும் தீங்கு பயக்கும். பிள்ளைப்பேறின்மைக்கு ஆண், பெண் இருவரும் காரணராகலாம் என்பதை மருத்துவம் தெளிவுறக் காட்டிய பின்னரும் 'மலடி' என்னும் சொல் புழங்கும் அளவுக்கு 'மலடன்' என்பது புழங்குவதில்லை. பெண்ணையே ஒரு கருப்பையாகச் சுருக்கிக் காணும் பார்வையே இதற்கு அடிப்படை. அவ்வாறு சுருக்குவது, காவற்பெண்டு தன் வயிற்றைச் சுட்டிப் பேசிய பெருமிதத்துக்கு நேர்மாறானது. அவள் தன் வயிற்றைப் பற்றித் தானே பேசினாள். மலடி என்னும் சொல்லிலோ பிறரே அவளைப் பற்றிப் பேசுகின்றனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், 'வயிறு' உள்ளிருந்து எழுந்த சொல் என்பதும், 'கருப்பை' உடலை ஆராயும் கண்ணுக்குப் புலனான சொல் என்பதும் தெளிவாகும். முன்னையது தாய்மையின் பெருமிதம், துயரம், பசி, உறவு, குடியுரிமை ஆகியவற்றைத் தாங்கியது. பின்னையது நோயை இனங்காணவும் உயிரைக் காக்கவும் வல்லது. ஒன்றை அறியாமையென ஒதுக்குவதோ மற்றதைப் பண்பாட்டுக்கு ஒவ்வாததென மறைப்பதோ பொருந்தாது. கிழக்கின் பெண்ணொருத்தி தன் வயிற்றைப் பற்றிக் கூறுவதைக் கேட்டு, அவளுடைய கருப்பையைப் பற்றி அவளுக்கு விளக்க வல்லவரே நல்ல வைத்தியர், நல்ல ஆசிரியர், நல்ல மொழிபெயர்ப்பாளர்.

இதற்குத் தமிழ்த்துறையினர் ஆற்றவேண்டிய பணியொன்று எஞ்சியுள்ளது. வீட்டுப் பிரசவம் மறைந்ததோடு மருத்துவிச்சியின் தொழில் மறைந்தது. தொழிலோடு அவளுடைய சொற்களும் மறைந்து வருகின்றன. மீனவரின் வலைப்பெயர்களும் உழவரின் நெற்பெயர்களும் தொகுக்கப்பட்ட அளவுக்கு மகப்பேற்றுச் சொற்கள் தொகுக்கப்படவில்லை. அவற்றை இன்றும் நினைவிற் கொண்ட முதியவர்கள் இறக்கக்கண்டி முதல் பொத்துவில் வரையுள்ள கரையோர ஊர்களில் தேடத்தக்கவர்கள். அச்சொற்களைப் பெண்களிடமிருந்தே கேட்டு, ஊரும் வழக்கும் குறித்து, மருத்துவச் சொல்லோடு ஒப்பிட்டுப் பதிவு செய்தால், கிறீன் தமது நூல்களால் தொடங்கிவைத்த பணியில் அன்று விடுபட்ட மறுபாதி நிறைவுபெறும்.